கிடுகிடுவென்று ஏறியதற்கு ஆங்கிலத்தில் என்ன?

வெளிநாட்டு வேலைக்காக எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐயெல்ட்ஸின் முடிவு முதல் தடவை வந்தபோது நான் நைட் டியூட்டியில் இருந்தேன். விடியற்காலை நாலு மணி இருக்கும். எல்லாருக்கும் டெம்பரேச்சர் பார்த்து முடித்துவிட்டு, நர்ஸிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். கேட்டல் 7, வாசித்தல் 7, பேசுதல் 7, எழுத்து 6. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய, அங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்.எம்.சி. கேட்பது மற்ற மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. அரை மதிப்பெண் குறைவு. அந்த அரைக்காக எனக்கு இன்னும் ஒன்பது மாதம் போனது, ஏறக்குறைய 70,000 ரூபாய் போனது. மாதம் 24,000 சம்பளம் வாங்குகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று இதைப் படிக்கும் நர்ஸ்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னை யாராவது முன்பே கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு அரைமணி நேரம் பேசியிருந்தால் இதில் பாதி மிஞ்சியிருக்கும். அந்த அரைமணிப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: அகாடமிக் ஐயெல்ட்ஸின் எழுத்துத் தேர்வு ஒரு மணி நேரம், அதில் இரண்டு கேள்விகள். முதல் கேள்வியில் ஒரு வரைபடமோ அட்டவணையோ கொடுத்து, அதில் தெரிவதை 150 சொல்லுக்குக் குறையாமல் எழுதச் சொல்வார்கள். இரண்டாவது 250 சொல் கட்டுரை. முதல் கேள்வியில் கோடு ஏறும், இறங்கும், சில இடத்தில் குத்தென்று எழும், சில இடத்தில் படுத்துக் கிடக்கும். இதைச் சொல்ல வேகத்தையும் மாற்றத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் வேண்டும். நான் விழுந்தது அந்த இடத்தில்தான்.

12,000 ரூபாய் கட்டி ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். முதல் வாரமே ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். அதில் மூன்று கட்டம். முதலாவதில் ஏறுவதற்கான சொற்கள்: இன்க்ரீஸ், ரைஸ், குரோ, சோர், சர்ஜ், ஸ்பைக், ராக்கெட். அடுத்ததில் இறங்குவதற்கு: டிக்ரீஸ், ஃபால், டிராப், பிளஞ்ச், பிளம்மெட். மூன்றாவதில் வேகமாக என்பதற்கு: ரேபிட், க்விக், ஸ்விஃப்ட், ஹேஸ்டி, சடன், ஸ்டீப், ஷார்ப். ஒரே சொல்லை இரண்டு தடவை எழுதினால் மதிப்பெண் போய்விடும், கட்டத்துக்குள் இருப்பதை மாற்றி மாற்றிப் போடுங்கள் என்று சொன்னார்கள். நானும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்தத் தாளை மனப்பாடம் செய்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தத் தாளின் மடிப்புகூட ஞாபகம் வருகிறது. ஒரு கட்டத்துக்குள் இருக்கும் சொல்லெல்லாம் ஒரே பொருள் என்று நம்பினேன் பாருங்கள், அதுதான் தவறு.

சென்னைக்குப் போய் முதல் தேர்வு எழுதிவிட்டு வரும்போது நன்றாக எழுதியதாகத்தான் நினைத்தேன். தாளில் இருந்த பெரிய பெரிய சொற்களையெல்லாம் இறக்கியிருந்தேன். 6 வந்ததும் சொல் போதவில்லை என்று முடிவு கட்டி, இன்னும் ஐம்பது சொல் சேர்த்துப் படித்தேன். இரண்டாவது தேர்வில் வந்தது ஒரே ஆண்டின் புள்ளிவிவரம், இரண்டு வட்ட வரைபடங்கள். அதில் காலம் நகரவே இல்லை. இந்த நாட்டில் இவ்வளவு, அந்த நாட்டில் அவ்வளவு, அவ்வளவுதான். ஆனால் நான் படித்ததெல்லாம் ஏறுவதும் இறங்குவதும். ஒரு நாட்டைவிட இன்னொரு நாட்டில் அதிகம் என்று எழுத வேண்டிய இடத்தில் சர்ஜ் ஆனது, பிளஞ்ச் ஆனது என்று எழுதிவைத்தேன். சரியான சொல்லைத் தேடித் தேடியே முப்பது நிமிடம் போய்விட்டது. கட்டுரைக்குத்தான் இரண்டு மடங்கு எடை, அதை முடிக்க முடியவில்லை. மறுபடியும் 6. அன்றைக்கு ஹாஸ்டல் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வீட்டில் உடனே சொல்லவில்லை. அப்பா கொத்தனார். அந்த இரண்டாவது தேர்வுக் கட்டணத்தில் பாதி, அவர் சாரத்தில் நின்று சேர்த்த பணம்.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எழுத உட்கார்ந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஆண்டுகளை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காலப் புள்ளிகள் இருந்தால்தான் வேகச் சொற்களுக்கு வேலை. ஒரே ஆண்டு என்றால் அது ஒப்பீடு. அதற்கு அதிகம், குறைவு, இரு மடங்கு, ஏறத்தாழ சமம் போன்ற சொற்கள் வேண்டும், அவற்றைத் தனியாகப் பழகுங்கள். அப்புறம், முதல் கேள்விக்கு இருபது நிமிடம் என்றால் இருபதுதான். கைக்கடிகாரம் உள்ளே அனுமதியில்லை, அறைக் கடிகாரத்தையோ திரையில் ஓடும் நேரத்தையோ பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு விடுமுறையில் ஊருக்குப் போனேன். எங்கள் தெருவில் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். அம்மா கட்டாயப்படுத்தி அனுப்பினார். என் பயிற்சி நோட்டை அவரிடம் கொடுத்தேன். அவர் பென்சிலோடு உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கப் படித்தார். அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. வரைபடத்தை என் பக்கம் திருப்பி வைத்து, "இந்தக் கோட்டுக்கு என்னம்மா ஆச்சு? தமிழ்ல சொல்லு" என்றார்.

நான் யோசிக்காமல் சொன்னேன்: "முதல்ல மெல்ல மெல்ல ஏறியிருக்கு டீச்சர். இந்த வருஷத்துக்கு அப்புறம் கிடுகிடுன்னு ஏறுது. இங்க வந்து தடால்னு விழுந்துடுச்சு. அப்புறம் கொஞ்சம் ஏறி இறங்கி ஏறி இறங்கி, கடைசியில அப்படியே நின்னுடுச்சு."

"இவ்வளவு சரியா உனக்குத் தெரியுது. நீ எழுதினதுல இது எங்க இருக்கு?" என்றார்.

நோட்டைப் பார்த்தேன். பத்து வருடத்தில் 20 சதவீதம் 23 ஆனதற்கு ராக்கெட் என்று எழுதியிருந்தேன். இன்னொரு இடத்தில் சோர்ட் ஸ்லைட்லி, அதாவது கொஞ்சமாக விண்ணைத் தொட்டது. இன்னொரு இடத்தில் பிளம்மெட்டட் ரேபிட்லி. ஹேஸ்டி இன்க்ரீஸ் என்றும் ஒன்று. "ஹேஸ்ட்ங்கிறது மனுஷன் படுற அவசரம்மா. எண்ணிக்கை அவசரப்படாது" என்றார் டீச்சர். அவர் குரலில் கண்டிப்பே இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. ஏனென்றால் எனக்கு விஷயம் தெரியும். வரைபடத்தை எனக்குப் படிக்கத் தெரியும். தெரிந்ததை அந்தத் தாள் மறைத்துவிட்டது.

அன்றைக்கு அவர் காட்டிய ஒன்றுதான் எனக்கு எல்லாவற்றையும் திறந்தது. தமிழில் நாம் வேகத்தை வினைக்கு வெளியே வைக்கிறோம். ஏறியது என்ற ஒரே வினைதான். மெல்ல ஏறியது, மளமளவென ஏறியது, கிடுகிடுவென ஏறியது, திடீரென ஏறியது என்று முன்னால் ஒன்றைச் சேர்த்து வேகத்தைக் காட்டுவோம். நம் காதுக்கே அந்த ஒலியில் வேகம் கேட்கும். ஆங்கிலத்திலும் அப்படிச் சேர்க்க முடியும், ரோஸ் ரேபிட்லி என்று. ஆனால் அந்த மொழியில் இன்னொரு வகை வினை நிறைய இருக்கிறது, வேகமும் அளவும் வினைக்குள்ளேயே அடைத்து வைத்தது. சோர் என்றாலே ரொம்ப உயரத்துக்கு, வேகமாக. பிளம்மெட் என்றாலே தடாலென்று, ஆழமாக. அதற்கு மேல் ரேபிட்லி சேர்த்தால் கிடுகிடுவெனக் கிடுகிடுவென்று ஏறியது என்று சொன்ன மாதிரி. ஸ்லைட்லி சேர்த்தால் ஒன்றையொன்று வெட்டிவிடும். வேகம் உள்ளே இருக்கும் வினையைத் தனியாக விடுங்கள். வேகம் இல்லாத வினைக்கு மட்டும் துணைச் சொல் கொடுங்கள். என் நோட்டில் இருந்த பிழைகளில் முக்கால்வாசி இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது.

சோர் என்ற சொல்லை நான் இப்போது மறப்பதே இல்லை. தமிழில் சோர்தல் என்றால் துவண்டு விழுவது; ஆங்கிலத்தில் அதே ஓசை வானத்தில் எழும்புவது. நேர் எதிர் என்பதாலேயே மனதில் தங்கிவிட்டது.

பிளம்மெட் வேறு விதமாகத் தங்கியது. அது லத்தீனில் ஈயத்தைக் குறிக்கும் பிளம்பம் என்ற சொல்லின் வழியில் வந்தது, நூலில் கட்டித் தொங்கவிடும் ஈயக்குண்டுதான் அதன் பழைய பொருள் என்று டீச்சர் சொன்னார். பிளஞ்ச் என்பதும் அதே வேரில் வந்ததாம். அன்று மாலை வீட்டுக்கு வந்து அப்பாவின் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தேன். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க அவர் தினமும் தொங்கவிடுவது. சின்ன வயதில் நான் விளையாட எடுத்தால் திட்டுவார். நூல் கறுத்து, நுனியில் சிமென்ட் அப்பியிருந்தது. திண்ணையில் நின்று விரலை விட்டேன். இடம் வலம் போகாமல், காற்றில் தயங்காமல், ஒரே நேராகத் தரைக்கு வந்தது. அப்பா பார்த்துவிட்டு, "என்ன தாயி, சுவர் எடுக்கப் போறியா?" என்றார். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்க்கிறேன் என்று சொன்னேன். இரண்டாவது தடவையும் பெயில் ஆனதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் குண்டை வாங்கி நூலைச் சுற்றிக்கொண்டே, "அடுத்தது எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு வரைபடத்தில் கோடு அந்தக் குண்டு மாதிரி விழுந்திருந்தால் மட்டும் பிளம்மெட். படியிறங்குவது போல வருடாவருடம் குறைந்திருந்தால் அது ஸ்டெடி டிக்ளைன், இல்லையென்றால் கிராஜுவல். இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருளையோ ஒரு காட்சியையோ பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டீப் என்பது செங்குத்து, பழனி யானைப் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கும் படிப்பாதை மாதிரி. டிப் என்பது சட்னியில் தொட்டு எடுப்பது: கொஞ்சம் இறங்கி மறுபடி மேலே வந்திருக்க வேண்டும், இறங்கியே கிடந்தால் டிப் இல்லை. ஃபிளக்சுவேட் என்பது லத்தீனில் அலை என்ற சொல்லிலிருந்து வந்தது. இரண்டு மூன்று தடவையாவது ஏறி இறங்கியிருந்தால்தான் அலை. பிளாட்டோ என்றால் மேட்டுநிலம். முதலில் ஏறியிருக்க வேண்டும், அப்புறம் சமதளம்.

எனக்கு மனசுக்கு ரொம்ப வலித்த விஷயம், இந்த வரைபடத்தை நான் ஏழு வருடமாகத் தினமும் வரைந்துகொண்டிருக்கிறேன் என்பது. கட்டில் கால்மாட்டில் தொங்கும் டி.பி.ஆர். ஷீட் வேறென்ன? டெம்பரேச்சர், பல்ஸ், ரெஸ்பிரேஷன், நாலு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது "ராத்திரி ரெண்டு ஸ்பைக் இருந்துச்சு சார்" என்று நானே சொல்கிறேன். ஸ்பைக் என்றால் ஆணி மாதிரி குத்தென்று ஏறி உடனே இறங்கியது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏறி அங்கேயே நின்ற காய்ச்சலை எந்த நர்ஸும் ஸ்பைக் என்று சொல்ல மாட்டார். ஆனால் தேர்வில், ஏறிக்கொண்டே போன ஒரு கோட்டுக்கு ஸ்பைக் என்று எழுதினேன், தாளில் ஏறும் கட்டத்தில் அது இருந்ததால்.

அக்யூட் என்ற சொல்லையும் பாருங்கள். நோயாளியின் வீட்டார் அதைக் கேட்டதும் ரொம்பக் கடுமையான நோய் என்று பயப்படுவார்கள். அது கடுமையைச் சொல்வதில்லை, சட்டென்று தொடங்கியதைச் சொல்கிறது. லத்தீனில் கூர்மை என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. மெல்ல வந்து நீடிப்பது க்ரானிக். பெரியவர்களுக்கு நாடி நிமிடத்துக்கு 100-க்கு மேல் போனால் டாக்கிகார்டியா என்கிறோம், அதில் வரும் டாக்கி கிரேக்கத்தில் வேகம். நீங்கள் எந்த வேலையில் இருந்தாலும், உங்கள் வேலையிலேயே இப்படிப்பட்ட சொற்கள் கிடக்கும். கணக்குப் பார்ப்பவராக இருந்தால் விற்பனைக் கோடு, மின்வாரியத்தில் இருந்தால் லோடு. அங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்து, வேகமும் அளவும் வேறு வேறு. இதை நான் ரொம்ப நாள் குழப்பினேன். ரேபிட், கிராஜுவல், ஸ்டெடி, சடன் ஆகியவை எவ்வளவு நேரத்தில், எப்படி என்பதைச் சொல்பவை. ஸ்லைட், கன்சிடரபிள், சப்ஸ்டான்ஷியல் ஆகியவை எவ்வளவு என்பதைச் சொல்பவை. முப்பது வருடத்தில் மெதுவாக மூன்று மடங்கானால் அது பெரிய மாற்றம், ஆனால் ரேபிட் இல்லை. சடனுக்கும் ரேபிடுக்கும்கூட வித்தியாசம் உண்டு: எதிர்பாராமல் தொடங்குவது சடன், குறைந்த காலத்தில் நடந்து முடிவது ரேபிட். கோட்டைப் பார்த்ததும் எவ்வளவு, எவ்வளவு நாளில் என்று இரண்டு கேள்வி தனித்தனியாகக் கேளுங்கள். ஸ்விஃப்ட், ப்ராம்ப்ட் இரண்டையும் ஆள் செய்யும் காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், உடனடி நடவடிக்கை, உடனடி பதில் என்பது போல. கோட்டுக்கு வேண்டாம்.

ஃபாஸ்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களில் பாதிப் பேர் ஃபாஸ்ட்லி என்று எழுதுகிறோம், பேசுகிறோம். அப்படி ஒரு சொல் இன்றைய ஆங்கிலத்தில் இல்லை. ஃபாஸ்ட் என்பதே பெயரடை, அதுவே வினையடை. எனக்கு இது மண்டையில் ஏறியது அதன் பழைய பொருள் தெரிந்த பிறகுதான். முதலில் அதற்கு வேகம் என்ற பொருளே கிடையாது. உறுதியாக, அசையாமல் என்றுதான் பொருள். சாயம் போகாத துணியை ஃபாஸ்ட் கலர் என்று ஜவுளிக்கடையில் சொல்வது அதனால்தான். அசையாத தூக்கம் ஃபாஸ்ட் அஸ்லீப். உறுதியாக விரதம் காப்பது ஃபாஸ்டிங், நாம் வெறும் வயிற்றில் எடுக்கும் ஃபாஸ்டிங் சுகரில் இருப்பதும் அந்தச் சொல்தான். க்விக் என்பதற்கும் பழைய பொருள் உயிருள்ளது என்பதே. பாதரசத்துக்கு க்விக்சில்வர் என்று பெயர் வந்தது, உயிருள்ளது போல ஓடுவதால். இதெல்லாம் தேர்வில் கேட்க மாட்டார்கள். ஆனால் மனப்பாடம் செய்த சொல் பதற்றத்தில் ஓடிவிடும், கதை தெரிந்த சொல் கூடவே நிற்கும். மூன்றாவது தேர்வில் அதை நான் உணர்ந்தேன்.

இலக்கணத்தில் மூன்று இடம்தான் என்னைத் திரும்பத் திரும்பக் கவிழ்த்தது. ரைஸ், ரெய்ஸ் இரண்டும் உயர், உயர்த்து போல. விலை உயர்ந்தது என்றால் ரோஸ். அரசு விலையை உயர்த்தியது என்றால் ரெய்ஸ்ட். தமிழில் விலை உயர்த்தியது என்று நின்றால் காதில் இடிக்கும் அல்லவா, அவர்களுக்கும் அப்படித்தான் இடிக்கும். அடுத்து, 30 ஆக உயர்ந்தது என்றால் டு, 10 உயர்ந்தது என்றால் பை. 20 சதவீதம் 30 சதவீதமானால் அது பத்து சதவீதப் புள்ளிகள் உயர்வு. பர்சன்டேஜ் பாயின்ட் என்று எழுத வேண்டும். வெறுமனே பத்து சதவீதம் உயர்ந்தது என்றால் 22 ஆனது என்றும் பொருள் கொள்ளலாம். மூன்றாவது, ஃபால் என்பதன் இறந்தகாலம் ஃபெல். அவசரத்தில் கடைசியில் டி சேர்த்து ஃபெல்ட் என்று எழுதினால் அது உணர்ந்தது என்று ஆகிவிடும்.

பெரிய சொல்லைத் திணிக்காதீர்கள் என்பதையும் மனதாரச் சொல்கிறேன். ஒரு விடையில் சோர், பிளம்மெட் போன்ற சொல் ஒன்றோ இரண்டோ, அதுவும் கோடு கேட்டால் மட்டும். மற்ற இடத்தில் ரைஸும் ஃபாலும் போதும். ஒரு தடவை வினையாக, இன்னொரு தடவை பெயராக எழுதினாலே மாற்றம் வந்துவிடும்: ரோஸ் ஷார்ப்லி, அப்புறம் ஷார்ப் ரைஸ். நர்ஸாக இருப்பவர்கள், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யையும் விசாரித்துப் பாருங்கள். அதில் வரைபடம் இல்லை, நோயாளியைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டும். கட்டணம் இதைவிட அதிகம். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே பணமெல்லாம் போன பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது தேர்வுக்கு முன் இரண்டு மாதம் புதிதாக ஒரு சொல்கூடப் படிக்கவில்லை. தினமும் ஒரு வரைபடம். முதலில் அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்வேன், யாரோ பக்கத்தில் இருப்பது போல. மெல்ல, கிடுகிடுவென, தடாலென, அப்படியே. அப்புறம் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தேடுவேன். வாரம் ஒருமுறை போனில் டீச்சரிடம் வாசித்துக் காட்டுவேன். தேர்வில் கோட்டு வரைபடம்தான் வந்தது. பதினெட்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன். ஒரே ஒரு இடத்தில் பிளம்மெட்டட் என்று எழுதினேன். எழுதும்போது திண்ணையும் அந்தக் கறுத்த நூலும் கண்முன் வந்தது.

எழுத்தில் 7 வந்தது. அப்பாவுக்குப் போன் செய்தபோது அவர் வேலையில் இருந்தார், பின்னால் கலவை மெஷின் ஓடும் சத்தம். இரண்டு தடவை கத்திச் சொன்ன பிறகுதான் கேட்டது.

இப்போது எங்கள் வார்டில் இரண்டு தங்கச்சிகள் இதே தேர்வுக்குப் படிக்கிறார்கள். "அக்கா, உங்க வேர்ட் லிஸ்ட் குடுங்க" என்று கேட்டார்கள். எழுதாத டி.பி.ஆர். ஷீட் ஒன்றை எடுத்து, மனதில் தோன்றியபடி ஒரு கோடு போட்டுக் கொடுத்து, "இந்த பேஷன்ட்டுக்கு ராத்திரி என்ன ஆச்சு, தமிழ்ல சொல்லு" என்றேன்.